தரைப்பாலத்தில் என்னை இழுத்தது யார்?

எனக்குச் சுயநினைவு வந்தபோது கையில் ஒரு டீ டம்ளர் இருந்தது.

மயங்கியவர்கள் கண்ணைத் திறந்ததும் "நான் எங்கே இருக்கேன்?" என்று கேட்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நான் அப்படி எதுவும் கேட்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. பெஞ்சில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். பாதி டீயைக் குடித்தும் இருந்தேன்; நாக்கு சுட்டிருந்தது. அந்த டீயை யார் கொடுத்தார்கள், எப்போது வாங்கினேன் என்பது மட்டும் தெரியவில்லை.

தலைமேல் யாருடைய துண்டோ கிடந்தது. வெங்காய வாசனை அடித்தது. ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொன்றில் இல்லை. மடியில் என் நைட்ரஜன் கேன். அதை இடது கையால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வடை போட யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு நேர் எதிரே, லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் நின்றார். இடுப்புவரை நனைந்திருந்தார். முழங்காலெல்லாம் சேறு.

"குடிம்மா, குடி. ஒண்ணியும் ஆவல," என்றார்.

"வண்டி?" என்று கேட்டேன்.

"வண்டி பூட்ச்சி. உசுரு கீதுல்ல? அத்தப் பாரு."

அப்போதுதான் வலது காது எரிவது தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். கம்மல் இல்லை. ஆற்றோடு போய் உயிரோடு திரும்பியவள், வாய்விட்டுச் சொன்ன முதல் முழு வாக்கியம் இதுதான்:

"என் கம்மலைக் காணோம். யாரோ புடுங்கின மாதிரி இருந்துச்சு."

சத்தமாகத்தான் சொன்னேன். காதுக்குள் தண்ணீர் இருந்ததால் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பிறகு எதிரே நின்றவரைப் பார்த்துக் கைகூப்பினேன். "அண்ணா, நீங்க இல்லன்னா நான் போயிருப்பேன்," என்று சொல்லி அழுதேன். அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். என் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது அவருடைய துண்டு.

மாடு காத்திருக்காது

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்திருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை ஆய்வாளர். டாக்டர் இல்லை. ஊர்களில் "டாக்டரம்மா" என்று கூப்பிடுவார்கள். முதல் சில வருஷம் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

வீடு ஓரிக்கையில். வேலை உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில். தினமும் காலையில் பாலாற்றைத் தாண்டி, மாகறல் பக்கம் செய்யாற்றைத் தாண்டி ஸ்கூட்டரில் போவேன். கால் வைக்கும் இடத்தில் நைட்ரஜன் கேன் நிற்கும். அதற்குள் கடும் குளிரில், காளை விந்து அடைத்த சினை ஊசிக் குச்சிகள். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை கிளம்பும். மாட்டுக்காரர்கள் ஒரு அடி பின்னால் போவார்கள். மாடு அசையாது.

போன வாரம், திருப்புட்குழியில் ஒரு காளை என்னைச் சுவரோடு வைத்து அழுத்திய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மகள், "அம்மா, நீ எத்தனை தடவைதான் தப்பிச்சிருக்க?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். காளையிடம் தப்பியது, அதன் முதலாளி சரியான நேரத்தில் மூக்கணாங்கயிற்றைப் பிடித்ததால். ஆபீசில் மின்விசிறி கழன்று விழுந்தபோது தப்பியது, தண்ணீர் குடிக்க எழுந்ததால். எல்லாவற்றுக்கும் காரணம் தெரியும். தரைப்பாலத்தில் மட்டும் எப்படித் தப்பினேன் என்பது, நடந்து இரண்டு வருஷம்வரை எனக்குத் தவறாகத் தெரிந்திருந்தது. இப்போது சரியாகத் தெரிந்த பிறகு குழப்பம் அதிகமாகிவிட்டது.

அது ஐப்பசி மழைக்காலம். இரண்டு நாள் கொட்டித் தீர்த்துவிட்டு, அன்று காலையில் வானம் கொஞ்சம் வெளிறியிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் போன் செய்தார்.

"டாக்டரம்மா, மாடு நேத்து சாய்ங்காலத்துலருந்து கத்திக்கினு கீது. ரெண்டு தபா தவறிட்ச்சி. இந்தத் தபாவும் வுட்டா பேஜாராப் பூடும்."

பருவத்துக்கு வந்த மாட்டுக்கு மதியத்துக்குள் ஊசி போட வேண்டும். தவறினால் இன்னும் மூன்று வாரம். மாடு நமக்காகக் காத்திருக்காது. நான் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

செய்யாற்றுத் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் கணுக்கால் அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, பைக்கில் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார். தண்ணீர் இறங்கும் பள்ளத்துப் பக்கம் நாலைந்து பேர் வலை கட்டி நின்றார்கள். பாலத்தின்மேல் தண்ணீர் ஏறினால் மீன் பிடிக்கிறவர்கள் வந்துவிடுவது வழக்கம். யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. பால்காரர் போனாரே, நாமும் போகலாம் என்று வண்டியை இறக்கினேன்.

கால்வாசி தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. காலை ஊன்றினேன். அடியில் பாசி. அப்போது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. எப்போது ஏறியது என்று தெரியாது. வண்டி சாய ஆரம்பித்ததும் ஒன்று வண்டியைப் பிடித்திருக்க வேண்டும், அல்லது பாலத்து ஓரக்கல்லைப் பிடித்திருக்க வேண்டும். நான் நைட்ரஜன் கேனைப் பிடித்தேன். பதினைந்து வருஷப் பழக்கம்.

அதன் பிறகு பழுப்பு நிறம். கேன் தாடையில் இடித்தது. வாயில் மண். முள்வேலியில் மாட்டியதுபோலக் கழுத்திலும் காதிலும் ஒரு கிழிப்பு. அப்புறம், டீ.

இடையில் நானே கரையில் நடந்து வந்தேனாம். "அடுப்பாண்ட உக்காரணும்" என்று நானே கேட்டேனாம். பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருப்பதில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு மற்றவர்கள் சொன்னது என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

வரதன் கடை

அந்த டீக்கடைக்காரர் பெயர் வரதன். தரைப்பாலத்துக்குச் சற்று முன்னால், தகரக் கூரை போட்ட கடை. அதுவரை நான் அங்கே நின்றதே இல்லை.

என் வேலையைச் செய்கிறவர்கள் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுவது நல்லது. ஏன் என்று விளக்க மாட்டேன். அதனால் நாஷ்டா விஷயத்தில் நான் வழி முழுக்க ஆள் வைத்திருந்தேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் பரோட்டாவை நம் கண்ணெதிரிலேயே இரண்டு கையாலும் அடித்து உதிர்த்துப் போடுவார்கள். அங்கே சால்னா இரண்டாம் தடவை கேட்டால் முறைப்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால் சிரித்துவிடுவார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு சந்துக் கடையில் மிளகும் சுக்கும் போட்ட இட்லி, மந்தாரை இலை வாசனையோடு. வெயில் காலத்தில் ரோட்டோரத் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ், மோர் மிளகாய். அந்தக் கூழ்க்கார அம்மா என் கேனைப் பார்த்து, "அதுல இன்னாம்மா, ஐசா?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார். நானும் "ஆமாம்மா, ஐசு" என்று சொல்லிவிடுவேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இதெல்லாம் நின்றது. பத்து நாள் கழித்து, பழைய வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, பழமும் வேட்டியும் எடுத்துக்கொண்டு வரதன் கடைக்குப் போனேன்.

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்று வேட்டியைத் தொடாமல் நின்றார்.

"வாங்கிக்கங்க அண்ணா. உசுரக் குடுத்தவருக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி?"

அவருடைய மனைவி கஸ்தூரி கல்லிலிருந்து தோசையை எடுத்தபடி அவரை ஒரு பார்வை பார்த்தார். வரதன் வேட்டியை வாங்கி அலமாரியில் வைத்தார். அவர் அதைக் கட்டி நான் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து என் காலைச் சாப்பாடு அங்கேதான். இரண்டு செட் தோசை, வடகறி. அந்த வடகறியைப் பற்றித் தனியாக ஒரு அத்தியாயம் எழுதலாம். கடலைப்பருப்பை அரைத்து, ஆவியில் வேகவைத்து, உதிர்த்து, பட்டையும் சோம்பும் தாளித்து, குழம்புக்கும் பொரியலுக்கும் நடுவில் ஒரு பதத்தில் இறக்குவார் கஸ்தூரி. மழை நாளில் அதிலிருந்து எழும் ஆவியில் கண்ணாடி மங்கிவிடும். எனக்கு மட்டும் அதில் ஒரு முழு வடையும் கிடக்கும். நான் கேட்டதில்லை. வரதன் போடுவார்.

கடைக்கு யார் புதிதாக வந்தாலும் நான் சொல்வேன்: "இவருதான் என்னை ஆத்துலருந்து எடுத்தவரு." வரதன் திரும்பி அடுப்பைக் கிளற ஆரம்பிப்பார். அடக்கம் என்று நினைத்தேன்.

நாலு ஆடுகள்

இரண்டு வருஷம் போனது. ஆற்றுக்கு இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சக ஊழியர் விடுப்பில் போனதால், அந்த மாசம் ஆடுகளுக்குத் தடுப்பூசி போடும் வேலை என்னிடம் வந்தது. கடைசியாகப் போனது மாகறலைத் தாண்டி ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடியிருப்பு. இருபது வீடு இருக்கும். பெரும்பாலும் வயல் வேலை, கூலி வேலை. ஆற்றிலும் ஏரியிலும் தண்ணீர் வந்தால் மீன்.

வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். ஆட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நாலு ஆடுகளை மட்டும் ஒரு பெண் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, தூரத்தில் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அந்த ஆடுகள் புதிய கைக்கு அடங்கவில்லை. ஒன்று என் பெட்டியைத் தட்டிவிட்டது.

"ஆட்டோட சொந்தக்காரங்க யாரு? வந்து புடிங்க!" என்று கத்தினேன்.

அவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். தலைமுடியை உச்சியில் முடிந்திருந்தார். ஆட்டைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காதைப் பார்த்தார். இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஊசியை ஏற்றினேன். நாலாவது ஆட்டுக்குப் போட்டு முடித்ததும், ஆட்டை விடாமலே சொன்னார்:

"கம்மல நாங்க எட்க்கல, டாக்டரம்மா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறார் என்றுதான் தோன்றியது.

"என்ன கம்மல்?"

"அன்னிக்கு. ஆத்துல. ஒன் காது வலையில மாட்டிக்கிச்சி. இஸ்க்கும்போது வுயுந்திருக்கும். சத்தியமா நாங்க எட்க்கல."

"எந்த வலை?"

"எங்க வலதான். நீ வந்து வலையிலதான் வுயுந்த. கட்டன கயிறு தாங்கல. அவுரு உள்ள எறங்கி உன் ரெயின்கோட்டப் புட்ச்சாரு, நான் முடியப் புட்ச்சேன். வலைய அறுத்துத்தான் உன்ன வெளிய எட்த்தோம். அந்த டப்பாவ வுடவே மாட்டேன்னுட்ட. கைய கட்ச்சிட்ட."

"நானா?"

"அவுரு கைய."

அவர் பெயர் கன்னியம்மா. 'அவுரு' என்று அவர் சொன்னது கணவர் ஏழுமலையை.

என் கையிலிருந்த ஊசியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தேன். வலைக் கண்ணியின் கோடு என் கழுத்தில் ஒரு மாசம் இருந்தது. வேலிகாத்தான் முள் கிழித்தது என்று நானே முடிவு செய்து, மஞ்சள் தடவியிருக்கிறேன். யாரையும் கடித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல? ஏன் போயிட்டீங்க?"

கன்னியம்மா ஆட்டை விட்டார். "உன்ன கடையாண்ட நடத்திக்கினு வந்து உக்கார வெச்சதே நான்தான். டீ வாங்கி உன் கையில குட்த்தேன். நீ, கம்மல் காணோம், யாரோ புடுங்கனாங்கன்னு சொன்ன. பின்னால ஒர்த்தரு, வலக்காரங்கதான் கிட்ட இருந்தாங்கன்னாரு. அவ்ளோதான். அதுக்கு மேல அங்க நிக்க முடியுமா? எது காணாம பூட்டாலும் மொதல்ல எங்க வூட்டத்தான் வந்து தேடுவாங்க. அவுர இஸ்துக்கினு வந்துட்டேன்."

அதோடு முடியவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் அந்தத் தரைப்பாலத்துப் பக்கமே போகவில்லை. அங்கே வலை கட்டவில்லை. வரதன் கடை வழியாகப் பஸ்ஸுக்குப் போவதை விட்டுவிட்டு, வரப்பு மேல் சுற்றிப் போனார்கள். ஜீப் சத்தம் கேட்டால் ஏழுமலை ஏரிக்குள் இறங்கிவிடுவாராம். இரண்டு வருஷம்.

இப்போது நான் சொல்ல வேண்டியதை எழுதக் கை வரவில்லை. அந்தக் கம்மல் மூன்றாம் நாளே கிடைத்துவிட்டது. ரெயின்கோட்டைத் துவைத்து உதறும்போது தொப்பி மடிப்பிலிருந்து விழுந்தது. வீட்டில் சொன்னேன். சந்தோஷப்பட்டார்கள். மாட்டிக்கொண்டேன். வெளியில் யாரிடம் சொல்வது, எதற்குச் சொல்வது? யாரும் கேட்கவில்லை. கன்னியம்மா பார்த்துக்கொண்டிருந்தாரே, என் இரண்டு காதிலும், அதே கம்மல்தான்.

"கெடச்சிடுச்சு அக்கா," என்றேன்.

அக்கா என்றதும், யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு புரிந்தது. வீட்டைப் பார்த்துக் கத்தினார்: "ஏய், இங்க வா! கம்மலு கெட்ச்சிட்ச்சாம்!"

ஏழுமலை வந்தார். ஒல்லியான மனிதர். மணிக்கட்டுக்குக் கீழே அரைவட்டமாக ஒரு தழும்பு. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எப்போ கெட்ச்சிச்சி?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். "மூணாம் நாளே," என்றேன்.

அவர் நாலு ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டார்.  கன்னியம்மாவும் பின்னால் போனார்.

"நீதான கும்ட்ட!"

நேராக வரதன் கடைக்குப் போனேன். மதியம் கடையில் ஆள் இல்லை. வரதன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அன்னிக்கு என்னை இழுத்தது நீங்க இல்லையா?"

கத்தி நின்றது. கஸ்தூரி உள்ளே இருந்து, "நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார்.

"நான் எப்பம்மா சொன்னேன், நான்தான் இஸ்த்தேன்னு?" என்றார் வரதன். "நீதான கும்ட்ட! அண்ணான்னு சொல்லி அய்த. இத்தினி ஜனம் பாக்குது. நான் இல்லம்மான்னு எப்டி சொல்றது?"

"நனஞ்சிருந்தீங்களே!"

"வெறகெல்லாம் நனஞ்சி பூட்ச்சி. பின்னாடி தண்ணி பூந்துட்ச்சி. அத்த எட்த்து மேல போட்டுக்கினு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டு வருஷமாக, விறகு அடுக்கிய மனிதரைத்தான் போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ வேட்டி எட்த்துக்கினு வந்துட்ட." அவர் வெங்காயத்தைப் பார்த்தபடியே பேசினார். "அப்பறம் அவுங்க பேர எட்த்தா, கம்மல் பேச்சு வரும். யாரோ புடுங்கனாங்கன்னு நீ சொன்னது எல்லார் காதுலயும் வுயுந்துச்சி. ஏயுமல பேர நான் சொல்லி, அவன ஸ்டேஷனுக்கு இஸ்துக்கினு பூட்டா? அந்தப் பாவம் எனக்கெதுக்கு? அதான் வாய மூடிக்கினேன்."

"அப்ப அவங்களுக்காகவா சும்மா இருந்தீங்க?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அதுவும்தான்," என்றார்.

இதில் எது முதலில் வந்தது, எது பின்னால் சேர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என் நன்றியை வாங்கிக்கொள்ள அவருக்குப் பிடித்திருந்தது. அவர்களைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை. இரண்டும் ஒரே வாயை மூடிவைத்திருந்தன. அவர்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். கோபம் அவரிடம் போகாமல் என்னிடமே வந்து நின்றது. புடுங்கின மாதிரி இருந்தது என்று சொன்னது நான். கிடைத்த பிறகு பேசாமல் இருந்ததும் நான்.

கஸ்தூரி ஒரு தட்டில் வடகறி கொண்டுவந்து வைத்தார். "ஒன் கம்மல, நீ ரெண்டாவது தபா வந்தப்பவே நான் பாத்தேன்," என்றார். "புதுசு வாங்கிக்கினன்னு நெனச்சேன்."

எந்தக் கம்மல்?

மறுநாள் காலை ஏழரை மணிக்குப் போனேன். அது கடை நிரம்பி வழியும் நேரம். செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், பால் ஊற்றிவிட்டு வருகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்தில்தான் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ராத்திரி முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொன்னேன். "ரெண்டு வருஷத்துக்கு முன்ன நான் ஆத்துல விழுந்தேன். வரதன் அண்ணன்தான் எடுத்தாருன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அது தப்பு. எடுத்தது ஏரிக்கரை ஏழுமலையும் கன்னியம்மாவும். என் கம்மல் மூணாம் நாளே என் ரெயின்கோட்டுல கெடச்சிடுச்சு. யாரும் எடுக்கல."

 

தோசை தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் கை கழுவிவிட்டு வந்து கேட்டார்:

"எந்தக் கம்மலும்மா?"

நான் விளக்கினேன். அன்றைக்கு அங்கே நின்றவர்கள் மூன்று பேராவது அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒருவருக்கு வெள்ளம் ஞாபகம் இருந்தது. ஒருவருக்கு என் வண்டி போனது ஞாபகம் இருந்தது; கரும்பு வயலில் போய் மாட்டிக்கொண்டதாம். கம்மல் யாருக்கும் ஞாபகமில்லை. வலைக்காரர்கள் கிட்ட இருந்தார்கள் என்று சொன்னது யார் என்றும் தெரியவில்லை. அப்படி யாரும் சொல்லவே இல்லை என்றார் ஒருவர்.

வரதன் எல்லோருக்கும் பொதுவாக, "ஆமா, நான் இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பினார். பஸ் வந்தது. பாதிப் பேர் போய்விட்டார்கள்.

இதைச் சொல்லத்தான் அன்று சாயங்காலம் ஏரிக்கரைக்கு மறுபடியும் போனேன். கையில் ஒரு புது வலை. காஞ்சிபுரத்தில் கடைக்காரர் நல்ல வலை என்று கொடுத்தது.

கன்னியம்மா அதை விரித்துப் பார்த்தார். கண்ணிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இது ஏரி வலம்மா. ஆத்துல கட்னா ஒரே தண்ணியில பிஞ்சிடும்," என்றார். முதல் தடவையாகச் சிரித்தார்.

"மாத்திக் கொண்டு வரேன்."

"வேணாம். ஏரியும் கீதுல்ல."

கடையில் சொல்லிவிட்டேன் என்றேன். யாருக்குமே கம்மல் ஞாபகம் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் நிம்மதி அடைவார் என்று எதிர்பார்த்தேன். 

"ஒர்த்தருக்குமேவா?"

"ஒருத்தருக்கும் இல்ல."

"அப்ப நாங்க எதுக்கு வரப்பு மேல சுத்திக்கினு போனோம்?"

 அவர் என்னிடம் கேட்டாரா, தன்னிடமே கேட்டுக்கொண்டாரா என்பது தெரியவில்லை. ஏழுமலை வீட்டுக்குள்தான் இருந்தார். வெளியில் வரவில்லை.

இந்த மழைக்கு

இப்போதும் வரதன் கடையில்தான் சாப்பிடுகிறேன். கொஞ்ச நாள் போகாமல் இருந்து பார்த்தேன். வடகறி இழுத்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் உண்மையான காரணம் வேறு. கோபத்தைக் காட்டப் போகாமல் இருக்கிறேனா, வெட்கத்தில் போகாமல் இருக்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை. அதனால் போய்விட்டேன். முழு வடை இன்னமும் விழுகிறது. என்னை எடுத்தது யார் என்று இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை.

இந்த வருஷ மழையிலும் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஏறியது. உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து மதியம் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கரையிலேயே வண்டியை நிறுத்திப் பார்த்தேன். கணுக்கால் அளவுதான் இருக்கும்போலத் தோன்றியது. எனக்கு முன்னால் யாரும் போகவில்லை.

எதிர்க்கரையில் இரண்டு பேர் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் முடிந்த கொண்டையைப் பார்த்ததும் ஒருவர் கன்னியம்மா என்று தெரிந்தது. இன்னொருவர் தண்ணீருக்குள் இறங்கி முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தார்.

நான் ஹாரன் அடித்தேன். ஏன் அடித்தேன் என்று தெரியாது.

ஏழுமலை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு வலது கையை முழுசாகத் தூக்கி, உள்ளங்கை தெரிய அப்படியே நிறுத்தினார்.

அது வணக்கமா, வராதே என்பதா? அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியவில்லை. நானும் கையைத் தூக்கினேன். அவர் கையை இறக்கவில்லை.

வண்டியைத் திருப்பிக்கொண்டு, பெரிய பாலம் வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனேன்.